ஆணி வைத்த பின்சீட்டு

மாலை ஆறரை மணி. டயகமவிலிருந்து மேல் டிவிசனுக்கு ஏறும் தோட்டத்துப் பாதை. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பைனஸ் மரங்கள். மழை விட்டிருந்தது. பனிமூட்டம் மரங்களுக்கு நடுவில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் கிடையாது. வேலை முடிந்தவர்கள் எப்போதோ லயத்து வீடுகளுக்குப் போய் அடுப்பு மூட்டியிருப்பார்கள்.

அப்படியான இடத்தில் கிஷாந்த் பைக்கை நிறுத்தினான். ஒரு நிமிடந்தான். ஜாக்கெட்டின் சிப்பை இழுத்து மூடுவதற்காக.

இதைச் சொன்னவன் பிரதாப். கிஷாந்த் அவனுடைய அக்கா தனுஜாவின் கணவன். ஹட்டனில் பிரதாப் வேலை செய்யும் கராஜுக்கு மேலே ஓர் அறை. கரண்ட் போன இரவு. தகரக் கூரையில் மழை. கூட்டாளிகள் ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி, ஒருவர் முதுகோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இது கதையில்ல," என்று முதலிலேயே சொல்லிவிட்டான் பிரதாப். "எங்க அக்கா வீட்டுல நடந்தது. நடுவுல யாரும் சிரிக்கக் கூடாது."

யாரும் சிரிக்கவில்லை.

கிஷாந்துக்கு அக்கரப்பத்தனை டவுனில், போன் திருத்தும் கடையில் வேலை. டயகம வரைக்கும் பஸ். அதற்கு மேல் நடை. தனுஜா முழுகாமல் இருப்பது தெரிந்த பிறகு அந்த நடை அவனைப் பயமுறுத்தத் தொடங்கியது. தனக்காக இல்லை. நடுவில் இவளுக்கு ஏதாவது என்றால் எதில் ஏற்றிக்கொண்டு ஓடுவது? மழை நாளில் த்ரீவீலர்காரர்கள் மேல் டிவிசனுக்கு வரமாட்டார்கள். தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அதுவும் இல்லை.

அதனால்தான் பைக். வாழ்க்கையில் அவனுக்கு முதல் பைக்.

போனில் விளம்பரம் பார்த்துப் பூண்டுலோயாவுக்குப் போய் வாங்கினான். பழைய ஜப்பான் வண்டி. அவனைவிட வயதில் மூத்தது. விற்றவர் செல்லசாமி என்ற டிராக்டர் டிரைவர். கோழிக்கூட்டுக்குப் பின்னால் படங்கு போட்டு மூடி வைத்திருந்தார். டேங்கில் துரு. டயரில் பாசி. ஆனால் கிக்கரை மிதித்தபோது எஞ்சின் இறுகியிருக்கவில்லை. புகைக்குழாயிலிருந்து ஒரு பெருமூச்சு மாதிரி காற்று வந்தது. அந்த ஒரு மூச்சிலேயே கிஷாந்துக்கு வண்டி பிடித்துப்போய்விட்டது.

ஒன்று மட்டும் விநோதம். பின்சீட்டு இல்லை. சீட்டின் பின்பாதியை யாரோ அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இரும்புத் தகட்டை வெல்டிங் பண்ணியிருந்தார்கள். தகடு நிறைய ஆணி. எல்லாம் கூர் மேலே பார்த்தபடி. பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் மிதிகளையும் அறுத்து, தடம் தெரியாமல் தேய்த்திருந்தார்கள்.

"இது சாமான் வைக்கிறதுக்கா அண்ணே?" என்று கேட்டான்.

செல்லசாமி கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்படியே வச்சு ஓட்டுங்க தம்பி. நல்லா ஓடும்."

அவ்வளவுதான் சொன்னார். வண்டியை லொறியில் ஏற்றும்போது பார்க்கக்கூட வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிரதாப் ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து வருவான். லயத்தில் அவர்கள் இருந்த காம்பராவின் முன்னால், இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணையில் சாக்கை விரித்து, எஞ்சினை அக்கக்காகக் கழற்றிப் போட்டார்கள். தனுஜா பால்மா டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல்பிரஷால் நட்டுகளைத் தேய்த்துக் கழுவினாள். லயம் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. கார்புரேட்டருக்குள் குளவி கட்டிய மண்கூடு. செயின் துருப்பிடித்து ஒரே கம்பியாகிப் போயிருந்தது. ஒவ்வொன்றாக மாற்றினார்கள். டேங்கைச் சுரண்டி எடுத்துக் கறுப்படித்தார்கள். முதல்முறை எஞ்சின் பிடித்து 'டுப்… டுப்…' என்று ஓடியபோது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள். கிஷாந்துக்குக் கண் கலங்கியதாகப் பிரதாப் சொன்னான். புகையால் இருக்கலாம்.

"எல்லாஞ் சரி. எனக்கு எடம் எங்க?" என்று கேட்டாள் தனுஜா. "இந்த ஆணி மேலயா என்னைய ஒக்காரச் சொல்றீங்க?"

அவளுக்காகத்தானே வண்டியே. மறுநாளே டவுனில் வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனான். அங்கே வெல்டிங் வேலை செய்யும் பாஸ் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இது சாமான் வைக்கிற தட்டு இல்ல தம்பி. அதுன்னா ஆணி கீழ பாத்து இருக்கும்."

"அப்ப எதுக்குப் போட்டிருக்காங்க?"

"யாரும் ஒக்காரக் கூடாதுன்னு போட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு அறுத்து எடுத்தார். புதுக் கால்மிதி இரண்டும் பூட்டினார். சீட்டு தைக்கிறவர் நீளச் சீட்டுக்குக் கரும்பச்சை ரெக்சின் போட்டுக் கொடுத்தார். தகட்டைப் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போனான்.

அன்று மாலைதான் அந்த ஆறரை மணி.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கால் தரையில். இரண்டு கையும் சிப்பில்.

பின்னால் ஸ்பிரிங் 'கிரீச்' என்று அமுங்கியது.

வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. விழப் பார்த்தது. காலை அழுத்தி ஊன்றித் தாங்கிக்கொண்டான். சேலை கட்டிய பெண்கள் ஒருக்களித்து ஏறி உட்காரும்போது வண்டி எப்படிச் சாயுமோ… அப்படி.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. புதுச் சீட்டு முழுக்கப் பனி முத்து முத்தாகப் பூத்திருந்தது. நடுவில் மட்டும் ஒரு சொட்டும் இல்லை. துடைத்துவிட்ட மாதிரி.

கிளட்சை விட்டான். வண்டி முதல் கியரிலேயே முனகியது. வளைவுக்கு வளைவு இடப்பக்கம் இழுத்தது. அவன் உடம்பை வலப்பக்கம் சாய்த்துச் சாய்த்து ஓட்டினான். பின்னாலிருந்து ஒரு வாடை வந்தது. நனைந்த கம்பளி. அதோடு இன்னொன்று… கரிந்த மாதிரி, மருந்து மாதிரி. என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை.

காலையில் ஆட்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தில் ஒரு லைட் எரியும். அந்த வெளிச்சம் தெரிந்ததும் ஸ்பிரிங் மறுபடி 'கிரீச்' என்றது. பாரம் இறங்கியது. வண்டி சட்டென்று முன்னால் பாய்ந்தது.

"என்னங்க, மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?" என்று கேட்டாள் தனுஜா.

"குளிரு," என்றான்.

அடுத்த நாளும் ஏறியது. அதற்கடுத்த நாளும். நிறுத்தினால்தான் என்றில்லை. பள்ளம் பார்த்து வேகத்தைக் குறைத்தாலே போதும். பிரதாப் வந்து ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் புதிது மாற்றினான். புது ஸ்பிரிங்கும் அதே இடத்தில் அமுங்கியது. ஸ்பிரிங் அமுங்குகிறது என்பதைத் தவிரப் பிரதாப்பிடம்கூடக் கிஷாந்த் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அக்காவின் காதுக்குப் போய்விடும். வயிற்றுப் பிள்ளைக்காரி.

ஒரு நாள் எதிரே ஒரு த்ரீவீலர் இறங்கி வந்தது. டிரைவர் சிங்களவர். பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, "மல்லி, நோனாகே சாரிய ரோதே பெட்டலெனவா," என்றார். தம்பி, உங்கள் மனைவியின் சேலை சக்கரத்தில் சிக்குகிறது.

யாரும் யாருக்கும் பாதையில் சொல்கிற பேச்சுத்தான். கிஷாந்த் வண்டியை நிறுத்தினான். இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தான். கம்பிகளுக்குள் ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது த்ரீவீலர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டியைக் கிளப்பினார். அந்த இறக்கத்தில் அவ்வளவு வேகமாக ஒரு த்ரீவீலர் போய் அவன் பார்த்ததில்லை.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இஸ்தோப்பில் கழற்றிப் போட்டிருந்த அவனுடைய ஜாக்கெட்டைத் தாண்டிப் போன பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மா நின்றாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வுபெற்றவள்.

"யாரு வீட்டுல தம்பி பச்சப் பிள்ள இருக்கு?" என்று கேட்டாள். "வசம்பு சுட்ட வாடை அடிக்குதே."

பிறந்த பிள்ளைகளுக்கு நாக்கில் தடவ வசம்பைச் சுட்டு உரைப்பார்கள். அந்த லயத்தில் அப்போது பச்சைப் பிள்ளையே இல்லை.

பௌர்ணமிப் போயா லீவு நாளில், நல்ல வெயிலில், பூண்டுலோயாவுக்குப் போனான். பகலில் பைக் பஞ்சு மாதிரி ஓடியது. செல்லசாமி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுத் திரும்பியவர், அவனைப் பார்க்கவில்லை. பின்சீட்டைப் பார்த்தார்.

"சீட்டு போட்டுட்டீங்க," என்றார்.

"யாருண்ணே அது?"

"எனக்குத் தெரியாது தம்பி."

"தெரியாமலா ஆணி வச்சீங்க?"

"நான் வைக்கல. நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. குடுத்த ஆளும் தான் வைக்கலன்னுதான் சொன்னாரு." தீனிச் சட்டியைக் கீழே வைத்தார். "ஒரு தடவ புல்லுக்கட்டு ஏத்துறதுக்காக அந்த ஆணி மேல ஒரு பலகைய வச்சேன். அன்னைக்குப் பொழுது சாய வந்து ஏறுச்சு. வீட்டுக்கு வந்ததும் பலகைய எடுத்து அடுப்புல வச்சுட்டேன்."

"பாத்தீங்களா?"

"நான் திரும்பிப் பாக்கல."

கிஷாந்த் அவர் பக்கத்தில் போய் நின்றான். "எங்க வீட்டுல முழுகாம இருக்காங்கண்ணே. வாங்கும்போதே சொன்னேன்ல. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

செல்லசாமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "என் மகன் பைக் பழகிட்டான் தம்பி. சாவியக் கேட்டுக்கிட்டே இருந்தான். எனக்கு வேற வழி தெரியல." பிறகு மெதுவாகக் கேட்டார். "அந்தத் தகட்ட வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"புதுசா ஒண்ணு அடிச்சுப் போட்டுருங்க. சொணங்காதீங்க."

நாளைக்கே போடுவது என்ற முடிவோடுதான் அவன் வீட்டுக்கு வந்தான். அந்த நாளைக்கு விடியவே மழை பிடித்துக்கொண்டது. காற்றும் சேர்ந்துகொண்டது. கடைக்குப் போக முடியவில்லை. பின்னேரம் தனுஜாவுக்கு இடுப்பு வலி கண்டது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் நிறைய இருந்தது. பேச்சியம்மா வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

"இது நிக்கிற வலி இல்ல. கொண்டு போங்க," என்றாள்.

ஆம்புலன்சுக்குப் போன் அடித்தார்கள். வர ஆயத்தந்தான். ஆனால் பாலத்துக்குப் பக்கத்தில் மண் சரிந்து பெரிய பாதை மூடிவிட்டது. லொறியும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது. தேயிலை மலை வழியாக இறங்கும் உள்பாதைதான் மிச்சம். அதில் நாலு சக்கரம் போகாது.

கிஷாந்த் இஸ்தோப்பில் நின்ற பைக்கைப் பார்த்தான். பின்சீட்டைப் பார்த்தான். பேச்சியம்மா ஏற்கெனவே தன் பழைய சேலையை எடுத்து வந்துவிட்டாள். தனுஜாவை இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார வைத்து, அவள் இடுப்பையும் அவன் இடுப்பையும் சேர்த்துத் தளர்வாகக் கட்டினாள். "நல்லாப் புடிச்சுக்க புள்ள," என்றாள். மழையில் அவள் குரல் பாதிதான் கேட்டது.

உள்பாதை முழுக்கச் சேறு. லைட் வெளிச்சத்தில் மழைக்கம்பிகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பின்சக்கரம் வழுக்கி வழுக்கி ஆடியது. தனுஜா அவன் முதுகில் முகத்தை அழுத்திக்கொண்டு பல்லைக் கடித்தாள். உள்பாதையும் அதே பைனஸ் மரங்களுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மேடு. சேற்றில் சக்கரம் சுற்றியது. ஏறவில்லை. பின்னால் சரிந்தது. ஒரு பக்கம் பள்ளம். கிஷாந்த் இரண்டு காலையும் ஊன்றினான். அதுவும் வழுக்கியது.

கிரீச்.

பாரம் ஏறியது. பின்சக்கரம் சேற்றுக்குள் அமுங்கிக் கீழே இருந்த கல்லைப் பிடித்துக்கொண்டது. வண்டி உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது.

கம்பளி வாடை. வசம்பு வாடை.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவளிடம் என்ன சொல்வது? நிறுத்தினால் அங்கேயே பிள்ளை பிறந்துவிடும். நிறுத்தாவிட்டால்…

தனுஜா அவன் தோளைத் தட்டினாள்.

"கொஞ்சம் முன்னாடி தள்ளி ஒக்காருங்க," என்றாள். "அவங்களுக்கு எடம் பத்தல."

கிஷாந்த் தள்ளி உட்கார்ந்தான். டேங்க் வயிற்றில் இடிக்கும் வரைக்கும் தள்ளி உட்கார்ந்தான். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. வண்டி அதற்குப் பிறகு ஒரு தடவைகூட வழுக்கவில்லை. வழி நெடுக, மழைச் சத்தத்துக்கு நடுவில், தனுஜா யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். "ம்… ம்…" ஒரு இடத்தில், தெளிவாக, "சரி," என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலில் லைட். அட்டெண்டன் ஒருவர் தள்ளுவண்டியோடு ஓடிவந்தார். சேலை முடிச்சை அவிழ்த்து, தனுஜாவை இறக்கினார்கள். ஸ்பிரிங் எழும்பியது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, இன்னொரு தடவை எழும்பியது.

தள்ளுவண்டி உள்ளே போனது. கதவைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் உடனே மூடவில்லை. பின்னால் வருகிற யாருக்கோ வழி விடுகிற மாதிரி இன்னும் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் மூடினாள்.

விடியற்காலையில் பெண்பிள்ளை பிறந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. சாமான் எடுத்து வர கிஷாந்த் வீட்டுக்குப் போனான். வண்டி இறகு மாதிரி ஓடியது. அடுத்த நாள் பொழுது சாய்ந்த பிறகும் வேண்டுமென்றே அந்தப் பாதையில் போய்ப் பார்த்தான். ஒன்றும் ஏறவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். பைனஸ் மரங்களைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டான். தகடு அடிக்கும் யோசனையை விட்டுவிட்டான்.

தனுஜா பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்று பேச்சியம்மா பத்தியச் சோறு கொண்டுவந்தாள். தனுஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க மட்டும் பின்னாடி ஏறி வரலன்னா நான் விழுந்திருப்பேன் பெரியம்மா. வயித்துக்குக் கீழ கையக் குடுத்துத் தாங்கிக்கிட்டே வந்தீங்களே."

பேச்சியம்மா சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் எங்க புள்ள வந்தேன்? உங்கள ஏத்தி விட்டுட்டு இங்கதானே நின்னேன்."

தனுஜா கிஷாந்தைப் பார்த்தாள். அவன் கதவைச் சாத்தினான். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். தகடு, ஆணி, த்ரீவீலர்காரர், செல்லசாமி.  அவன் முடித்த பிறகு தனுஜா பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"காதுக்குள்ளயே பேசிக்கிட்டு வந்தாங்க," என்றாள். "இன்னும் கொஞ்சந்தான் புள்ள, இன்னும் கொஞ்சந்தான்னு. மூச்சு சில்லுன்னு இருந்துச்சு. மழைன்னு நெனச்சேன். பொம்பளப் புள்ளதான் பொறக்கும்னாங்க. அதுக்கு என் பேர வைக்கிறியான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொன்னேன்."

"என்ன பேரு?"

தனுஜா பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். "பேரச் சொன்னாங்க. அந்நேரம் பாத்து வலி வந்துருச்சு. காதுல விழல. பெரியம்மாதானேன்னு திருப்பிக் கேக்கல."

முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழித்துப் பிள்ளைக்குக் கஜனி என்று பெயர் வைத்தார்கள். காதில் மூன்று தடவை சொன்னார்கள். பிள்ளை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

மாதங்கள் போயின. பிள்ளை கவிழ்ந்தது, தவழ்ந்தது, சிரித்தது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. கஜனி என்றாலும் இல்லை, செல்லம் என்றாலும் இல்லை. கிளினிக்கில் காட்டினார்கள். பின்னால் நின்று மணி அடித்தார்கள். உடனே திரும்பியது. காதில் குறை இல்லை, போகப் போகச் சரியாகும் என்றார்கள்.

தனுஜாவுக்குத் தூக்கம் போய்விட்டது. "வாக்குக் குடுத்துட்டேனே," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாவை உட்கார வைத்து, அந்தத் தோட்டத்தில் செத்துப்போன பெண்களின் பெயரையெல்லாம் கேட்டாள். காளியம்மா. மூக்காயி. ராமாயி. செவனம்மா. ஒவ்வொன்றாகப் பிள்ளையின் காதில் சொல்லிப் பார்த்தாள். பிள்ளை கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

"கெடைக்கலன்னா என்ன பெரியம்மா ஆகும்?" என்று கேட்டாள்.

பேச்சியம்மா பிள்ளையைப் பார்த்தாள். "கெடைக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

கிஷாந்தால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரு நாள் மாலை பைக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் பைனஸ் மரங்களுக்குப் போனான். எஞ்சினை நிறுத்தினான். லைட்டையும் அணைத்தான். பின்சீட்டில் இடம் விட்டு, முன்னால் தள்ளி உட்கார்ந்துகொண்டான். பனிமூட்டம் காலைச் சுற்றியது. சூடான எஞ்சின் ஆறிக்கொண்டு 'டிக்… டிக்…' என்றது.

"அம்மா," என்றான். பின்சீட்டுப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு, மறுபடி சொன்னான். "உங்க பேரு என்னம்மா? சொல்லுங்க. வச்சுர்றோம்."

மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஸ்பிரிங் அசையவில்லை. எதைக் கண்டு இத்தனை நாள் நடுங்கினானோ, அதற்காகவே இப்போது காத்துக்கொண்டிருந்தான். எஞ்சின் முழுக்க ஆறிப்போய் 'டிக்'கும் நின்றுவிட்டது. வரவில்லை.

வெறும் வண்டியோடு திரும்பினான். தனுஜா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் வண்டியை ஸ்டாண்டில்கூடப் போடவில்லை. சுவரில் சாய்த்துவிட்டு ஓடினான்.

"பிள்ள திரும்பிப் பாத்துச்சு," என்றாள். "நீங்க போன கையோட. நான் கூப்பிடலங்க. அரிசி பொறுக்கிக்கிட்டு இருந்தேன். யாரோ கூப்பிட்ட மாதிரி தலையத் தூக்குச்சு. என் தோளுக்குப் பின்னால பாத்துச் சிரிச்சுச்சு. தூக்கச் சொல்லி ரெண்டு கையையும் நீட்டுச்சு."

பிரதாப் அந்த இடத்தில் நிறுத்தினான். மெழுகுவர்த்தி அடியோடு உருகிப்போயிருந்தது. கீழே கராஜில் தகரம் ஒன்று காற்றில் அடித்துக்கொண்டது.

"அப்புறம்?" என்றான் திலக்ஷன். அவன்தான் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அப்புறம் பேச்சு வந்துச்சு. மொதல்ல அம்மான்னு சொல்லல. நெஞ்சத் தொட்டுக் காட்டி ஒரு பேரச் சொல்லுச்சு. எங்க சொந்தத்துல யாருக்கும் அந்தப் பேரு இல்ல. பேச்சியம்மாவுக்கும் அப்படி ஒரு ஆளத் தெரியல. அக்கா சரின்னு அதையே வச்சுட்டாங்க. இப்ப அப்படிக் கூப்பிட்டா ஓடி வருது. நல்லா சாப்புடுது. பைக்குல முன்னாடி ஒக்காந்து டவுனுக்குப் போகுது. ஒரு கொறையும் இல்ல."

"என்ன பேருடா?"

"காலையில கேளு, சொல்றேன். பொழுது சாஞ்சா அந்தப் பேர நாங்க யாரும் சொல்றதில்ல."

"ஏன்?"

பிரதாப் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

"ஒரு நாள் இருட்டுற நேரம், இஸ்தோப்புல வெளையாடிக்கிட்டு இருந்த பிள்ளைய அக்கா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. நானும் அக்காவும் வாசல்லதான் நின்னோம், வீட்டுக்குள்ள யாருமில்ல. பிள்ள அங்க இருந்து 'ம்'னுச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "அடுப்படிக்குள்ள இருந்தும் ஒரு 'ம்' வந்துச்சு."